சிஸ்டம் ஆன் ஆனதும் தானா ஓடுற ஸ்கிரிப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனி, பல்லடம் தறிக்குடோன், ஈரோடு மஞ்சள் மண்டி, நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ், எங்கே போனாலும் மேசையில் ஒரு சிஸ்டம் உண்டு. காலையில் கதவைத் திறப்பவர் பவர் பட்டனை அழுத்துவார். சர்வர் இணைப்பு, பில் மென்பொருள், லேபிள் பிரிண்டர், பேக்கப் எல்லாம் அதன்பின் தானாக வந்து நிற்க வேண்டும். இவற்றை வரிசையாகத் தொடங்கும் கட்டளைக் கோப்புதான் ஸ்கிரிப்ட். வராத நாளில் சரக்கு ஏற்ற வந்த வண்டி வாசலில் காத்துக் கிடக்கும். ஆகவே இதைச் சரியாக அமைப்பது அவசியம்.

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொதுவாக எழுதியிருக்கிறோம். லினக்ஸ் கடைசிப் பக்கம் வருகிறது. கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஸ்கிரிப்டை எங்கீங்க போடறது?

மூன்று இடங்கள் முக்கியம். எளியது ஸ்டார்ட்அப் கோப்புறை. விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஷெல்:ஸ்டார்ட்அப் என்று தட்டினால் திறக்கும். அதில் ஸ்கிரிப்டின் ஷார்ட்கட்டைப் போட்டால், அந்த யூசர் உள்ளே வந்ததும் ஓடும். எல்லா யூசருக்கும் ஓட வேண்டுமானால் ஷெல்:காமன் ஸ்டார்ட்அப்.

இரண்டாவது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள ரன் கீ. மென்பொருள்கள் தங்களைத் தாங்களே சேர்த்துக்கொள்ளும் இடம் இது. நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டை இங்கே வைக்க வேண்டிய தேவை அனேகமாக இராது.

மூன்றாவது டாஸ்க் ஷெட்யூலர், சொன்ன பொழுதில் வேலைகளை (டாஸ்க்) ஓட்ட விண்டோஸோடு வரும் கருவி. தாமதம் கொடுக்கலாம், யார் பெயரில் ஓடணும் என்று சொல்லலாம், தோற்றால் திரும்ப ஓட்டச் சொல்லலாம், ஓடியதா என்று பின்னால் பார்க்கலாம். ஒரு பிரவுசரைத் திறக்க மட்டும் என்றால் ஸ்டார்ட்அப் கோப்புறை போதும். சர்வர், பேக்கப், பிரிண்டர் என்று வந்துவிட்டால் டாஸ்க் ஷெட்யூலர்தான் எங்கள் பரிந்துரை.

கையால டபுள் கிளிக் பண்ணுனா நல்லா ஓடுதுங்க. காலைல தானா மட்டும் ஓட மாட்டேங்குது. ஏனுங்க?

இங்கே வரும் கேள்விகளில் பாதி இதுதான். கையால் ஓட்டும்போது ஓட்டுவது நீங்கள்: உங்கள் யூசர், உங்கள் பாஸ்வேர்டு, ஸ்கிரிப்ட் இருக்கும் அதே கோப்புறை, நெட்வொர்க் வந்து ஒரு மணி நேரம் ஆன பொழுது. தானாக ஓடும்போது இந்த நாலும் மாறிவிடும். ஸ்கிரிப்டில் ஒரு வரி கூடத் தப்பு இல்லாமலே அது தோற்கலாம். எனவே ஸ்கிரிப்டைத் திருத்தும் முன் இந்த நாலையும் பாருங்கள்.

முதலில் கோப்புறை. டாஸ்க் ஷெட்யூலர் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்போது, வேறு சொல்லாவிட்டால், அது நிற்கும் இடம் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறை. ஸ்கிரிப்டில் வெறுமனே ரேட்.சிஎஸ்வி என்று எழுதியிருந்தால் அங்கே போய்த் தேடும், கிடைக்காது. ஆக்‌ஷன் பகுதியில் ‘ஸ்டார்ட் இன்’ என்ற கட்டத்தில் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுங்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் மேற்கோள் குறி போடக் கூடாது. போட்டால் 0எக்ஸ்8007010பி என்ற பிழை வரும். ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே சிடி /டி "%~டிபி0" என்று எழுதிவிடுவது இன்னும் உறுதி. ‘நான் இருக்கும் கோப்புறைக்கே போய் நில்’ என்று அதற்குப் பொருள்.

அடுத்து ஆள். டாஸ்க்கை சிஸ்டம் என்ற கணக்கில் ஓட்டினால், நீங்கள் இணைத்து வைத்த இசட் டிரைவ் அதற்குத் தெரியாது. டிரைவ் எழுத்து என்பது உள்ளே வந்த யூசருக்கு மட்டும் உரியது. கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த சர்வர் பாஸ்வேர்டும் அப்படித்தான். உங்கள் பெயரிலேயே ஓடினாலும், ‘ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்’ டிக் போட்டிருந்தால் இசட் டிரைவ் காணாமல் போகும். அட்மின் உரிமையுள்ள அமர்வு தனி என்று விண்டோஸ் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்டுக்குள் இசட் என்று எழுதாமல், \\192.168.1.10\பில் என்பது போல முழு நெட்வொர்க் பாதையை எழுதுங்கள்.

கடைசியாக நேரம். எஸ்எஸ்டி போட்ட சிஸ்டம் அரை நிமிடத்தில் தயாராகிவிடும். ரூட்டரும் சர்வரும் எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் ஒரே மெயின் சுவிட்சில் போடும் ஆபீஸில் ஸ்கிரிப்ட் ஓடும்போது மறுமுனையில் யாருமே இருக்க மாட்டார்கள்.

அப்ப ஒரு நிமிசம் தாமதம் குடுத்தா போதுங்களா?

டாஸ்க் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் ட்ரிக்கரில் ‘டிலே டாஸ்க் ஃபார்’ என்ற இடத்தில் 30 நொடி, 1 நிமிடம் என்று கொடுக்கலாம். ஓரளவு உதவும். ஆனால் சர்வர் இன்றைக்கு ஒரு நிமிடத்தில் வரும், அப்டேட் போட்ட மறுநாள் ஆறு நிமிடம் ஆகும். கணக்குப் போட்டுக் காத்திருப்பதை விட, வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக் காத்திருப்பது நல்லது. லேபிள் மென்பொருளைத் திறந்து, பில் கோப்புகளை டி டிரைவுக்கு நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று முழுதாக:

@எக்கோ ஆஃப்
சிடி /டி "%~டிபி0"
எக்கோ %டேட்% %டைம்% தொடக்கம் >> லாக்.டிஎக்ஸ்டி
செட் என்=0
:பார்
இஃப் எக்ஸிஸ்ட் \\192.168.1.10\பில்\ கோட்டோ வந்தது
செட் /ஏ என்=என்+1
இஃப் %என்%==30 கோட்டோ வரவில்லை
பிங் -என் 11 127.0.0.1 >நல்
கோட்டோ பார்
:வந்தது
ஸ்டார்ட் "" "சி:\லேபிள்\லேபிள்.இஎக்ஸ்இ"
ரோபோகாப்பி \\192.168.1.10\பில் டி:\பேக்கப்\பில் /இ /ஆர்:2 /டபிள்யூ:5 >> லாக்.டிஎக்ஸ்டி 2>&1
இஃப் எரர்லெவல் 8 எக்ஸிட் /பி 8
எக்ஸிட் /பி 0
:வரவில்லை
எக்கோ %டேட்% %டைம்% சர்வர் கிடைக்கவில்லை >> லாக்.டிஎக்ஸ்டி
எக்ஸிட் /பி 9

பத்து நொடிக்கு ஒருமுறை பார்க்கிறது, 30 முறை பார்த்தும் வராவிட்டால் எழுதி வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஏறக்குறைய 5 நிமிடம். சர்வர் அடியோடு அணைந்திருந்தால் ஒவ்வொரு தேடலுக்கும் இன்னும் சில நொடி கூடும்.

சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். காத்திருக்க டைம்அவுட் என்ற கட்டளை இருக்கும்போது ஏன் பிங்? திரை இல்லாமல் பின்னணியில் ஓடும் டாஸ்க்கில் டைம்அவுட் ‘இன்புட் ரீடைரக்‌ஷன் இஸ் நாட் சப்போர்ட்டட்’ என்று சொல்லி உடனே வெளியேறிவிடும், காத்திருக்காது. தனக்குத்தானே 11 பிங் அனுப்பினால் இடையில் 10 நொடி கழியும், எங்கேயும் வேலை செய்யும். விசை அழுத்தும் வரை நிறுத்தி வைக்கும் பாஸ் கட்டளை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். விசை அழுத்த ஆள் இல்லாமல் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும்.

ஸ்டார்ட்டுக்குப் பின்னால் வரும் வெற்று மேற்கோள் குறியை வீண் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். முதல் மேற்கோளை ஸ்டார்ட் கட்டளை சாளரத்தின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் உங்கள் மென்பொருளின் பாதையே தலைப்பாகி, ஒரு கறுப்புச் சாளரம் மட்டும் திறந்து நிற்கும்.

கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பி கட்டளையில் /ஆர்:2 /டபிள்யூ:5 கட்டாயம். சொல்லாவிட்டால் அது ஒரு கோப்புக்கு 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறையும் 30 நொடி இடைவெளி விட்டு முயற்சி செய்யும். யாரோ திறந்து வைத்த ஒரே ஒரு எக்செல் கோப்பு போதும், பேக்கப் அங்கேயே நின்றுவிடும்.

கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை மட்டும், யாராவது அதைத் திறந்து வேலை செய்யும்போது இப்படி நகலெடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் நகல் விழும், மீட்கப் போகும் அன்றைக்குத்தான் தெரியவரும். அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப்பைப் பயன்படுத்துங்கள்.

கரண்டு போய் வந்த அன்னைக்கு மட்டும் ஸ்கிரிப்ட் ஓடறதில்லைங்க.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் நிறைய ஆபீஸில் நடப்பது இது. காரணம் பெரும்பாலும் ஒரு டிக். டாஸ்க்கின் கண்டிஷன்ஸ் பக்கத்தில் ‘ஏசி பவரில் இருந்தால் மட்டும் தொடங்கு’, ‘பேட்டரிக்கு மாறினால் நிறுத்து’ என்ற இரண்டும் முதலிலேயே டிக் ஆகித்தான் வரும். அது லேப்டாப்புக்குத்தானே, நம்முடையது டெஸ்க்டாப் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி கேபிள் சிஸ்டத்துக்குப் போகிறது என்றால், விண்டோஸ் அந்த யுபிஎஸ்ஸைப் பேட்டரியாகவே பார்க்கும். திரையின் மூலையில் பேட்டரிப் படம் தெரிந்தால் உறுதி. கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரையுள்ள அந்த ஒரு நிமிடத்தில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் பாதியில் வெட்டிவிடும். இரண்டு டிக்கையும் எடுங்கள். யுபிஎஸ் தாங்கும் நேரத்தை விட நீளமான வேலை என்றால் இரண்டாவதை மட்டும் விட்டுவைக்கலாம்.

இன்னொரு காரணம்: கரண்டு வந்ததும் சிஸ்டம் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) வைத்திருப்பீர்கள். சிஸ்டம் வரும், ஆனால் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். ‘அட் லாக் ஆன்’ ட்ரிக்கரும் ஸ்டார்ட்அப் கோப்புறையும் யாராவது உள்ளே வந்தால்தான் வேலை செய்யும். ஆள் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டியதற்கு ‘அட் ஸ்டார்ட்அப்’ ட்ரிக்கர் வைத்து, ‘யூசர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பயாஸில் அமைத்தும் ஆன் ஆகவில்லை என்றால், பேட்டரி தீரும் முன் யுபிஎஸ் மென்பொருள் சிஸ்டத்தை அணைத்து, அதற்குள் கரண்டும் வந்திருக்கலாம். யுபிஎஸ் வெளியீடு ஒரு நொடி கூட நிற்காததால், கரண்டு போனதே மதர்போர்டுக்குத் தெரியாது. அணைந்ததும் வெளியீட்டையும் நிறுத்தும் அமைப்பு யுபிஎஸ் மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீஸ்டார்ட் பண்ணுனா ஓடுது. ராத்திரி ஷட்டவுன் பண்ணிட்டுக் காலைல ஆன் பண்ணுனா ஓடலைங்க.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணையாமல் டிஸ்கில் உறைந்து படுத்துக்கொள்ளும், காலையில் அதையே எழுப்பும். புதிதாகத் தொடங்காததால் ‘அட் ஸ்டார்ட்அப்’ ட்ரிக்கர் தவறிப்போகலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கம் போய் ‘அப் டைம்’ பாருங்கள். தினமும் அணைக்கும் சிஸ்டத்தில் ஆறு நாள் என்று காட்டினால் இதுதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், ‘பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்’ என்ற இணைப்பு, அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுங்கள். எஸ்எஸ்டியில் இதனால் கூடும் நேரம் சில நொடிதான்.

அட்மின் அனுமதி வேணும்னு கேக்கற புரோகிராம் ஸ்டார்ட்அப்ல ஓடவே இல்லைங்களே?

ஸ்டார்ட்அப் கோப்புறையிலும் ரன் கீயிலும் அட்மின் உரிமை கேட்கும் எதையும் விண்டோஸ் சத்தமில்லாமல் தடுத்துவிடும். அதை டாஸ்க் ஷெட்யூலருக்கு மாற்றி, ‘அட் லாக் ஆன்’ ட்ரிக்கருடன் ‘ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்’ டிக் போடுங்கள். அதற்காக, அட்மின் அனுமதி கேட்டுத் திரையில் வரும் யுஏசி-யையே அணைத்துவைப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஓடுதுன்னு காட்டுது, ஆனா திரைல ஒண்ணுமே வர மாட்டேங்குது.

‘யூசர் உள்ளே இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்று வைத்த டாஸ்க் திரையே இல்லாத தனி அமர்வில் ஓடும். லேபிள் மென்பொருள் போல ஆள் பார்க்க வேண்டியதை அதில் வைக்காதீர்கள். பேக்கப்புக்கு ஒரு டாஸ்க், திரையில் வர வேண்டியதற்கு ஒரு டாஸ்க் என்று பிரித்துவிடுங்கள்.

லாஸ்ட் ரன் ரிசல்ட்ல வர்ற நம்பருக்கு என்னங்க அர்த்தம்?

0எக்ஸ்0 என்றால் சரியாக முடிந்தது. 0எக்ஸ்2 கோப்பு கிடைக்கவில்லை. பாதையில் எழுத்துப்பிழை, அல்லது பெயர் உண்மையில் காலை.பேட்.டிஎக்ஸ்டி என்று முடிகிறது. எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 0எக்ஸ்41301 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாலை வரை அப்படியே இருந்தால் எங்கோ விசைக்காகக் காத்து நிற்கிறது. 0எக்ஸ்41303 இதுவரை ஓடவே இல்லை. 0எக்ஸ்8007052இ பாஸ்வேர்டு தப்பு: யாரோ விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், டாஸ்க் பழையதையே வைத்திருக்கிறது. டாஸ்க்கைத் திறந்து ஓகே கொடுத்தால் புதியதைக் கேட்கும்.

0எக்ஸ்1 தான் குழப்புவது. பொதுவாகத் தோல்வி. ஆனால் ஸ்கிரிப்டின் கடைசி வரி ரோபோகாப்பியாக இருந்தால் 1 என்பது ‘கோப்புகள் நகலாகின’ என்ற நல்ல செய்தி; அதற்கு 8 முதல்தான் தோல்வி. மேலே காட்டிய ஸ்கிரிப்டில் 8-ஐச் சோதித்துவிட்டு 0 கொடுத்து முடிப்பது இதற்காகத்தான்.

வலப்பக்கத்தில் ‘எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி’யையும் இன்றே அழுத்தி வையுங்கள். அது பெரும்பாலும் அணைந்தேதான் இருக்கும். பிரச்சினை வந்தபின் போட்டால் பழையது கிடைக்காது.

எடைமேடை சிஸ்டத்துல காலைல புரோகிராம் திறக்குது, எடை மட்டும் வரலைங்க.

எடைமேடை காட்டி சீரியல் கேபிளில் வருகிறது, சிஸ்டத்தில் யுஎஸ்பி மாற்றி வழியாக நுழைகிறது. துடைக்கும்போது கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் செருகினால், பல மாற்றிகளுக்கு விண்டோஸ் புதிய காம் எண் கொடுத்துவிடும். காம்3 என்று இருந்தது காம்5 ஆகும், மென்பொருள் இன்னும் 3-ஐத் தேடும். பழைய துளையிலேயே செருகி, அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். முடியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் எண்ணைத் திரும்ப 3 ஆக்கலாம். பேக்கப் பென்டிரைவின் எழுத்து மாறுவதும் இதே வகைதான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதற்கு நிலையான எழுத்து கொடுங்கள்.

தமிழ்ல பேர் வெச்ச கோப்புறையை ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்க மாட்டேங்குது.

தமிழில் பெயர் வைப்பதில் தப்பில்லை, குறியாக்கம்தான் சரியாக இருக்க வேண்டும். பேட்ச் கோப்பை (மேலே காட்டியது போன்ற ஸ்கிரிப்ட்) யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமித்து, @எக்கோ ஆஃபுக்கு அடுத்து சிஎச்சிபி 65001 >நல் என்று ஒரு வரி சேருங்கள். சேமிக்கும்போது ‘வித் பாம்’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் வரிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டு அந்த வரியே பிழையாகும். விண்டோஸோடு வரும் இன்னொரு ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல் 5.1-க்கு நேர் எதிர்: அதற்கு பாம் இருந்தால்தான் தமிழ் புரியும்.

பவர்ஷெல் கோப்பைச் சொடுக்கினால் நோட்பேடில் திறப்பதும் இயல்பே. டாஸ்க்கின் புரோகிராம் கட்டத்தில் பவர்ஷெல்.இஎக்ஸ்இ, ஆர்கியுமென்ட்ஸ் கட்டத்தில் -எக்ஸிக்யூஷன்பாலிசி பைபாஸ் -ஃபைல் என்று எழுதி, பின்னால் கோப்பின் முழுப் பாதையை மேற்கோளுக்குள் கொடுங்கள்.

நாங்க போடாத ஸ்கிரிப்ட் ஒண்ணு ஓடுதுங்க.

முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். டிசைன் கோப்பும் ஆர்டர் ஷீட்டும் பென்டிரைவில் ஊரெல்லாம் சுற்றும் தொழில் நம்முடையது. அதோடு இதுவும் சுற்றும். மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியை வேறு சிஸ்டத்தில் இறக்கி எடுத்து வந்து, அட்மினாகத் திறந்து, மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு வரி என்றால் நம்பகமான கையொப்பம் இல்லை, மஞ்சள் என்றால் கோப்பே இல்லை. இளஞ்சிவப்பெல்லாம் வைரஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளூரில் எழுதிய பில் மென்பொருளும் அப்படித்தான் தெரியும். ஆப்டேட்டா, டெம்ப் கோப்புறைகளிலிருந்து டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்எச்டிஏ, அல்லது நீண்ட புரியாத எழுத்துகளோடு பவர்ஷெல் ஓடினால் சந்தேகப்படுங்கள். உடனே டெலீட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுத்து, ரீஸ்டார்ட் செய்து, முழு வைரஸ் ஸ்கேன் ஓட்டிய பிறகு நீக்குங்கள்.

லினக்ஸ்லீங்க?

உபுண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றில் திரை சார்ந்ததை உங்கள் வீட்டுக் கோப்புறையில் .கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் உள்ளே .டெஸ்க்டாப் கோப்பாக வையுங்கள். பின்னணி வேலைக்கு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி-யின் யூனிட் கோப்பு நல்லது. அதில் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்பதை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் எழுத வேண்டும். ஆஃப்டர் மட்டும் இருந்தால் வரிசை சொல்லுமே தவிர அதை எழுப்பாது. ஸ்டார்ட் கொடுத்தால் இன்றைக்கு ஓடும். நாளைக்கும் ஓட எனேபிள் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் @ரீபூட் எழுதுபவர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதை கொடுங்கள், கிரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகச் சில. விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் ‘பேட் இன்டர்பிரிட்டர்’ என்றால் வரி முடிவுக் குறி வேறு. டாஸ்2யுனிக்ஸ் ஓட்டினால் சரியாகிவிடும்.

ஸ்கிரிப்ட்ல ஏதோ தப்பாயி, உள்ளே போனதுமே சிஸ்டம் அணைஞ்சு போகுதுங்க. என்ன பண்றது?

உள்ளே போகாதீர்கள். பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே பவர் படத்தைத் தொட்டு, ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், பிறகு 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு வரும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் இடையில் ரெகவரி கீ கேட்கும். அது தாளில் எழுதி மேசை டிராயருக்கு வெளியே பத்திரமாக இருக்க வேண்டும். சேஃப் மோடில் ஸ்டார்ட்அப் கோப்புறை ஓடாது. டாஸ்க் ஷெட்யூலரும் வேலை செய்யாது, ஆகவே டாஸ்க்கைத் தேட வேண்டாம். ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரை மட்டும் காலை.ஓல்டு என்று மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாஸ்க் கோப்பைக் காணாமல் 0எக்ஸ்2 போட்டுவிட்டு நிற்கும், நீங்கள் உள்ளே போய் லாக்.டிஎக்ஸ்டி-யின் கடைசி வரியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.